குச்சியில் பார்த்த பதம்

1989-ல் தூத்துக்குடிக்கு வெளியே ஒரு ஃபைபர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் கையில் முதலில் கொடுக்கப்பட்ட பரிசோதனைக் கருவி ஓர் ஈர்க்குச்சி. கலந்து வைத்த ரெசினில் குச்சியை விட்டுத் தூக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் நிதானமாக வேலை பார்க்கலாம். சொட்டு நீண்டு நூலாக இழுபட்டால் பிரஷ்ஷை வேகமாக ஓட்ட வேண்டும். நூல் பாதியில் அறுந்து சுருண்டு குச்சிக்கே திரும்பினால் அந்த வாளியைத் தொடக்கூடாது.

“எவ்வளவு நேரம்ணே தாங்கும்?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“நேரத்தக் கேக்காத தம்பி, பதத்தப் பாரு. அதிரசப் பாகு மாதிரிதான் இதுவும். பாகு தப்பினா தண்ணி ஊத்தி மறுபடியும் காய்ச்சிக்கலாம். இது தப்பினா தப்பினதுதான்.”

படகு, தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு என்று எல்லாம் அங்கே கையாலேயே செய்யப்பட்டன. அச்சின்மேல் மெழுகு, அதன்மேல் ஜெல்கோட், பிறகு கண்ணாடி இழை மேட்டை விரித்து ரெசினை ஊற்றி ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவது. பாலியெஸ்டர் ரெசினில் ஊதா நிறக் கோபால்ட்டை முதலில் கலப்பார்கள், கடைசியில் கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும் என்பதால் இரண்டு புட்டிகளும் பட்டறையின் இரு மூலைகளில் இருந்தன. கேட்டலிஸ்ட்டின் அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். எங்களிடம் தராசு கிடையாது, மூடிக் கணக்குதான். சித்திரையில் ஒரு மூடி என்றால் மார்கழியில் இரண்டு. மேஸ்திரி காலையில் வந்ததும் தகரக் கொட்டகையின் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு அன்றைய அளவைச் சொல்வார்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் பகல் பதினொரு மணி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய ரெசின் கலந்துவிட்டோம். தேநீர் வந்தது. குடித்துவிட்டுத் திரும்பியபோது வாளியின் நடுவிலிருந்து வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஸ்டைரீன் நெடி கண்ணை எரித்தது. வாளியின் வயிறு இளகித் தொங்கிவிட்டது. உள்ளே ரெசின் ‘படீர் படீர்’ என்று வெடித்துப் பிளந்தது. நீண்ட கம்பியால் வாளியை வெளியே தள்ளிவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றோம். ஆறியபின் பார்த்தால் நடுவில் பழுப்பேறிய, விரிசல் விட்ட ஒரு கண்ணாடிப் பாறை. மறுநாளிலிருந்து மேஸ்திரி வாளியில் கலப்பதை நிறுத்தி, அகலமான தட்டில் மெல்லிய பரப்பாக ஊற்றி வைக்கச் சொன்னார். அதே ரெசின், அதே மூடிக் கணக்கு. ஆனால் தட்டில் வெகுநேரம் இளக்கமாகவே இருந்தது.

அந்தத் தட்டுக்குள்தான் இந்தத் துறையின் முழுக் கணக்கும் இருக்கிறது என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. ரெசின் இறுகுவது ஒரு வேதிவினை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகும்போது வெப்பம் வெளிப்படும். எபாக்சி, பாலியெஸ்டர் இரண்டிலுமே ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 400 ஜூல். அந்த வெப்பம் முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் ரெசினின் சூடு 200 டிகிரி வரை ஏறக்கூடும். சூடு ஏறினால் வினை வேகமாகும், வினை வேகமானால் சூடு இன்னும் ஏறும். ரெசினோ வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம். கண்ணாடி இழை சேர்த்த பலகையும் அப்படித்தான், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கனம் இரண்டு மடங்கானால் நடுவிலுள்ள வெப்பம் வெளியே வர நான்கு மடங்கு நேரமாகும். தட்டில் ஊற்றியபோது வெப்பம் தப்பித்தது. வாளியில் அதற்கு வழியில்லை.

மேஸ்திரிக்கு இது கையால் தெரிந்தது. ஆனால் அவருடைய குச்சி மேற்பரப்பைத்தான் தொடும். படகின் ஓரம் 6 மில்லிமீட்டர் கனம் என்றால் அது போதும். கனம் கூடக்கூட, ஆபத்து குச்சி எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது.

பெரிய தொழிற்சாலைகளிலும் அன்று நிலைமை அடிப்படையில் வேறல்ல. 1907-ல் லியோ பேக்லாண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட்டைச் செய்தபோது, வெப்பமும் அழுத்தமும் கொடுக்கும் ஒரு பாத்திரத்தைப் பயன்படுத்தினார். கொப்புளம் வராமல் அமுக்கிப் பிடிக்க அழுத்தம், இறுக்க வெப்பம். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இறுக்குவது என்றால் ஒரு சமையல் குறிப்பு: இத்தனை டிகிரியில் இத்தனை மணி நேரம். விமானத் தொழிலில் பேர்பெற்ற ஹெர்க்குலிஸ் நிறுவனத்தின் 3501-6 என்ற எபாக்சிக்கான குறிப்பு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது: 116 டிகிரியில் ஒரு மணி நேரம், 177 டிகிரியில் இரண்டு மணி நேரம். குறிப்பை எழுதியவர்கள் பல பலகைகளைச் செய்து, அறுத்து, உடைத்துப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஆனால் கனம் மாறினால், அச்சின் உலோகம் மாறினால் என்ன ஆகும் என்று அந்தக் குறிப்புக்குத் தெரியாது. மீண்டும் ஒரு பலகை, மீண்டும் ரம்பம்.

மாற்றம் ஓர் அலுமினியக் கிண்ணத்தில் தொடங்கியது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய கிண்ணம். அதில் 5 அல்லது 10 மில்லிகிராம் ரெசினை வைத்து மூடியை அழுத்தி, பக்கத்தில் ஒரு வெற்றுக் கிண்ணத்தையும் வைத்து, இரண்டையும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். ரெசின் இறுகும்போது விடும் வெப்பத்தை இரண்டுக்குமான வேறுபாடு காட்டிக்கொடுக்கும். 1960-களின் தொடக்கத்தில் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சனும் ஓநீலும் உருவாக்கிய இந்தக் கருவியைச் சுருக்கமாக டி.எஸ்.சி. என்போம். நான் இதை முதன்முதலில் பார்த்தது ஒரு ஆய்வகத்தில், 1990-களின் நடுவில். தாளில் பேனா மெல்ல நகர்ந்தது, கோடு தரையோடு தரையாக ஓடியது, பிறகு மலைபோல் எழும்பி இறங்கியது. அந்த மலையின் மொத்தப் பரப்புதான் அந்த ரெசின் விடக்கூடிய மொத்த வெப்பம். எந்த நொடியிலும் அதுவரை வந்த வெப்பத்தை மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது, எத்தனை பங்கு இறுகியிருக்கிறது என்ற எண். மேஸ்திரியின் பதம் எனக்கு எண்ணாகக் கண்ணில் பட்ட நாள் அது. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்.

எண் கிடைத்தால் சமன்பாடு எழுதலாம். 1973-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூசா கமால், சௌரூர் என்பவரோடு சேர்ந்து எழுதியது இன்றுவரை பட்டறைக் கணினிகளில் ஓடுகிறது. அதைச் சொற்களில் சொல்லிவிடலாம். இறுகும் வேகத்துக்கு இரண்டு ஊற்றுகள்: சூட்டினால் தானாக நடப்பது ஒன்று, ஏற்கெனவே இறுகிய பகுதி தூண்டிவிடுவது மற்றொன்று. இரண்டையும் கூட்டி, இன்னும் இறுகாமல் மிச்சமிருக்கும் பங்கைக் கொண்டு மட்டுப்படுத்த வேண்டும். ஈர விறகு பற்றுவதைப் போல. முதலில் புகைந்துகொண்டே இருக்கும், பிறகு தன் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், விறகு குறையக் குறையத் தணியும். எபாக்சியில் வினையின்போது பிறக்கும் ஹைட்ராக்சில் குழுக்களே அடுத்த வினையைத் தூண்டுவதால் இந்த வடிவம் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

இதற்கு முன்பே, 1941-ல், பால் ஃப்ளோரி வேறொரு கேள்வியைத் தீர்த்து வைத்திருந்தார். எவ்வளவு இறுகினால் திரவம் திரவமாக இருப்பதை நிறுத்தும்? இரண்டு கை உள்ள எபாக்சியும் நான்கு கை உள்ள அமீனும் சம அளவில் சேர்ந்தால், விடை சுமார் 58 சதவீதம். அந்த இடத்தில் ஒரே வலை பாத்திரத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் ரெசின் ஓடாது. குச்சியில் நூல் அறுந்து சுருண்டுகொண்ட அந்தக் கணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்று படித்தபோது எனக்கு மேஸ்திரியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. 58-க்கு முன்னால் காற்றுக் குமிழியை வெளியேற்றலாம், ரெசினைப் பாய்ச்சலாம், சுருக்கத்தை ஈடுகட்டலாம். 58-க்குப் பின்னால் நடக்கும் ஒவ்வொரு சுருக்கமும் பொருளுக்குள் இழுவிசையாகத் தங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு, நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் கில்லம் 1980-களில் ஒரு படம் வரைந்தார். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் வெப்பநிலை, நடுவே ரெசின் கடக்கும் நிலைகள். அதில் இரண்டு வெவ்வேறு எல்லைகள் இருந்தன. வலை பின்னப்படுவது ஒன்று, கண்ணாடிபோல் உறைவது மற்றொன்று. ரெசின் இறுக இறுக, அது கண்ணாடியாக உறையும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த எண் அறையின் சூட்டைத் தொட்டுத் தாண்டியதும் மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே உறைந்து விடுகின்றன, வினையும் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வரும், நகம் பதியாது. ஆனால் உள்ளே இன்னும் கை சேராத முனைகள் ஏராளம். கெட்டியாகிவிட்டது என்று கை சொல்லும். அரைவேக்காடு என்று டி.எஸ்.சி. சொல்லும். கமாலின் முதல் வடிவச் சமன்பாடுகூட இந்த நிறுத்தத்தை அறியாது. பின்னால் வந்தவர்கள் அதைச் சேர்த்தார்கள்.

எங்கள் மேஸ்திரி, முடித்த தொட்டியை உடனே விற்பனைக்கு அனுப்ப மாட்டார். இரண்டு நாள் முற்றத்தில் கவிழ்த்து வைப்பார். கேட்டால் “வெயில் குடிக்கட்டும்” என்பார். முதலாளிக்கு இதில் கோபம், முற்றம் நிறைந்துவிடுகிறது என்று. இன்று காற்றாலை இறகுகளை 70, 80 டிகிரியில் பல மணி நேரம் மீண்டும் சூடேற்றுவதும் இதே வேலைதான்: உறையும் எல்லையைவிட அறையைச் சூடாக்கி, நின்றுபோன வினையை மறுபடி நடக்க விடுவது. தூத்துக்குடி வெயில் அந்த வேலையைச் செய்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

1983-ல் லூஸும் ஸ்பிரிங்கரும் எழுதிய கட்டுரை இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோத்தது. வெப்பம் எப்படிப் பரவுகிறது, வினை எங்கே எவ்வளவு நடக்கிறது, ரெசின் எவ்வளவு பிழிந்து வெளியேறுகிறது, குமிழி வளருமா சுருங்குமா, கடைசியில் என்ன இழுவிசை மிஞ்சும் என்று பலகையின் குறுக்கே அடுக்கடுக்காகக் கணக்கிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் பொகெட்டியும் கில்லெஸ்பியும் கனமான பலகைகளை எடுத்துக்கொண்டு, நடுப்பகுதி வெளிப்புறத்தை முந்திக்கொண்டு சூடேறுவதையும், எந்தப் பக்கம் முதலில் இறுகுகிறது என்பதைப் பொறுத்து உள்விசைகள் மாறுவதையும் காட்டினார்கள். எங்கள் வாளியின் நடுவில் புகை கிளம்பியது ஏன் என்று கேட்டால், அவர்கள் வரைந்த கோடுகளைக் காட்டலாம்.

கணக்கு பட்டறைக்குள் எப்படி இறங்கியது என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். 1986-ல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடியில் நிறுவப்பட்டது. 55 கிலோவாட் இயந்திரங்கள், சுழலியின் விட்டம் சுமார் 15 மீட்டர். இறகு ஒன்று ஏழு மீட்டருக்குச் சற்று மேல். எங்கள் பட்டறைப் படகின் நீளம்தான். அந்தக் காலத்து இறகுகள் பாலியெஸ்டரும் கண்ணாடி இழையுமாகப் பெரும்பாலும் கையாலேயே இடப்பட்டவை. 2019-ல் பிரான்ஸின் ஷெர்பூரில் எல்.எம். நிறுவனம் 107 மீட்டர் நீள இறகைச் செய்து முடித்தது. சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலிருந்தும் நீண்ட இறகுகள் இன்று நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் புறப்படுகின்றன. சுங்கச்சாவடியில் அவற்றைப் பார்க்க வண்டியை நிறுத்துபவர்கள் உண்டு.

அந்த இறகின் அடிப்பகுதி, சுழலியின் நடுக்குடத்தோடு போல்ட் போடும் இடம், பல சென்டிமீட்டர் கனம். நுனிப் பக்க ஓடு சில மில்லிமீட்டர். இரண்டும் ஒரே அச்சில், ஒரே ரெசினில், ஒரே இரவில் இறுக வேண்டும். கண்ணாடி இழைத் துணிகளை உலர்ந்த நிலையில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டு, நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடைப்பட்ட இளக்கத்தில் எபாக்சியைக் குழாய் வழியே உள்ளே இழுக்கிறார்கள். அச்சுக்குள்ளேயே சூடேற்றும் கம்பிகள் இருக்கின்றன, பகுதி பகுதியாக இயங்குபவை. நுனியில் மெல்லிய ஓட்டுக்கு வெளியிலிருந்து சூடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது சோம்பிக் கிடக்கும். அடியில் நேர் எதிர். ஒரு கட்டத்துக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதி தன் சூட்டிலேயே வேகும். அணைக்கத் தாமதித்தால் உள்ளே சூடு எல்லை மீறும். இறகுக்குள் இருக்கும் நுரைப்பலகை உருகும். முன்கூட்டி அணைத்தால் விடியும்போது இறகு அச்சிலிருந்து எடுக்கத் தயாராக இருக்காது, அடுத்த இறகு காத்திருக்கும். எப்போது அணைப்பது என்பதை இன்று மாதிரிக் கணக்கு சொல்கிறது. கமாலின் சமன்பாடும், வெப்பம் பரவும் கணக்கும், அந்தக் கனமும், அன்றைய அறை வெப்பமும் உள்ளே போனால், எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று பதில் வரும். தகரத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிக் கணக்குச் சொன்ன கையின் வேலை இது.

கணக்கோடு கண்ணும் வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் டேவிட் கிரான்பூலும், எம்.ஐ.டி.யில் ஸ்டீபன் செந்தூரியாவும் ரெசினுக்குள்ளேயே வைக்கும் சிறு மின் உணரிகளை வளர்த்தெடுத்தார்கள். ரெசினில் எப்போதும் சில அயனிகள் கலந்திருக்கும். மாறி மாறித் திசை திரும்பும் மின்புலத்தில் அவை முன்னும் பின்னும் அசையும். ரெசின் இறுக இறுக அசைவது சிரமமாகும், தேர் நகரும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டவர் ஓரடி எடுத்து வைக்கப் படும் பாட்டைப் போல. அந்தச் சிரமத்தை அளந்தால் உள்ளே பதம் எங்கே இருக்கிறது என்று தெரியும். குச்சி எட்டாத ஆழத்தில் குச்சியின் வேலையைச் செய்கிறது இந்த உணரி. அதே ஆண்டுகளில் ரைட்-பாட்டர்சன் விமானப்படைத் தளத்தின் ஆய்வாளர்கள், கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உணரி சொல்வதைக் கேட்டு, வெப்பமும் அழுத்தமும் கொடுக்கும் ஆட்டோகிளேவ் என்ற உலையை நடத்தும் மென்பொருளையும் எழுதிப் பார்த்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் விமானத் தொழிலில் பெரும்பாலான இடங்களில் கடிகாரமே ஆள்கிறது. போயிங் 787-ன் எடையில் பாதி, இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருள், ஏர்பஸ் ஏ350-ல் 53 சதவீதம். இத்தகைய விமானங்களுக்கான ரெசின்களின் இறுக்கும் குறிப்பு ஒருமுறை சோதித்து அங்கீகரிக்கப்பட்டுவிட்டால், அதைத் தொடுவது என்பது ஆயிரக்கணக்கான மாதிரித் துண்டுகளை மறுபடி உடைத்துப் பார்ப்பது. அதனால் மாதிரிக் கணக்கு ‘போதும், இறுகிவிட்டது’ என்று சொன்ன பிறகும் ஆட்டோகிளேவ் அணையாமல் எரிகிறது. கடிகாரம்கூட, பலகையில் ஒட்டியிருக்கும் வெப்ப உணரிகளில் மிகவும் பின்தங்கியது 177-ஐத் தொட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். இதன் காரணம் எனக்குப் புரிகிறது. முந்நூறு பேர் ஏறும் பொருளில் எச்சரிக்கை குறையக் கூடாது. ஆனாலும் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு நிலையைக் கேட்காமல் இருப்பது சரியான எச்சரிக்கை என்று நான் நம்பவில்லை. அதே குறிப்பின்படி இறுக்கிய இரண்டு பலகைகளில், ஒன்றுக்கான ரெசின் ஊறிய இழைச் சுருள் உறைபெட்டிக்கு வெளியே இருபது நாள் கழித்திருக்கலாம், மற்றொன்று இரண்டு நாள். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் வைத்தாலும் வினை மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கிறது. வெளியே இருந்த மணிக்கணக்கைச் சுருளுக்குச் சுருள் ஏட்டில் எழுதுகிறார்கள். அந்த ஏடு கணக்குக்குள் போனால்தான் அர்த்தம். பலகை எப்படி வளையும் என்பதில் மாதிரிக் கணக்கை விமானக்காரர்கள் ஏற்கெனவே நம்பத் தொடங்கிவிட்டார்கள். 90 டிகிரியில் செய்த மூலை, ஆறியதும் ஒரு டிகிரியோ இரண்டோ உள்நோக்கி மடங்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு அச்சையே அந்த அளவு விரித்துச் செய்கிறார்கள். முன்பெல்லாம் அச்சைச் செய்து, பலகையை எடுத்து, வளைவைப் பார்த்து, அச்சைத் திரும்ப அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் தேஜஸ் விமானத்தின் செங்குத்து வாலை, தோலும் உள் எலும்புகளும் ஒரே சூட்டில் சேர்ந்து இறுகும்படி செய்தது. தனித்தனியாகச் செய்து ஆயிரம் ஆணி அடிப்பதற்குப் பதிலாக ஒரே வேக்காடு. அதில் ஒரு மூலை பிந்தினாலும் முழு வாலும் வீண். அந்த மாதிரி வேலையைச் செய்கிறவர்களுக்குத்தான் பதத்தின் விலை தெரியும்.

சென்ற ஆண்டு ஓர் இறகுத் தொழிற்சாலைக்குள் இரவு ஷிப்டில் நிற்க வாய்ப்புக் கிடைத்தது. அச்சின் அடிப்பக்கத்தில் ஒரு திரை. அதில் எட்டுப் பத்து வண்ணக் கோடுகள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. கணக்குச் சொன்ன கோடு புள்ளியிட்டும், உணரி சொல்லும் கோடு முழுதாகவும் ஏறிக்கொண்டிருந்தன. அடிப்பகுதிக் கோடு உச்சியைத் தொடும் முன்பே அந்தப் பகுதியின் சூடேற்றி அணைந்தது. யாரும் கை வைக்கவில்லை. அச்சின் விளிம்பில் வரிசையாகக் காகிதக் குவளைகள். ஒவ்வொன்றிலும் அன்று கலந்த ரெசினில் கொஞ்சம், மேலே மை பேனாவால் நேரமும் தொகுதி எண்ணும், உள்ளே ஓர் ஐஸ்கிரீம் குச்சி. இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் அரைமணிக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு குச்சியாகத் தூக்கிப் பார்த்தான். முதலில் சொட்டியது. பிறகு நூலாக நீண்டது. அதிகாலை மூன்று மணிக்கு மேல் அவன் குச்சியைத் தூக்கியபோது குவளையும் சேர்ந்து எழுந்தது. அதை அப்படியே தூக்கிப் பிடித்தபடி, திரையைப் பார்த்து நேரத்தை ஏட்டில் எழுதிக்கொண்டான்.